சொட்டு மருந்து கண்ணோடு நிற்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம். உலக கிளாக்கோமா (பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய்) வாரத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது என்று அதில் அழுத்திச் சொன்னது மிகச் சரி. ஆனால் அந்த மருந்து உடம்பிலும் சேரும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, விழுங்கும் மாத்திரையைப் போல முதலில் கல்லீரலில் சிதையாமல் நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. பரவலாக எழுதித் தரப்படும் டிமோலால், இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் வகை என்பதால் நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும். என் அம்மாவுக்கு அதுதான் நடந்தது. பழைய இளைப்பு திரும்பியதும் பனிக்காலம் என்று நினைத்தோம், அப்புறம் மார்பு மருத்துவர் என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டபோதும் சொட்டு மருந்தைச் சொல்லத் தோன்றவே இல்லை, அதை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்? விஷயம் தெரிந்து கண் மருத்துவர் வேறு வகைக்கு மாற்றிய பிறகே இளைப்பு அடங்கியது.

பயந்து யாரும் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது, போன பார்வை திரும்பாது. மருந்து எழுதும் முன் ஆஸ்துமா, இதயக் கோளாறு உண்டா என்று கேட்பதையும், சொட்டு விட்டதும் கண்ணை மூடி மூக்கோரக் கண்முனையை 2 நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லித் தருவதையும் எல்லாக் கண் மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்க வேண்டும். மருந்துப் பெட்டியிலும் இதைத் தமிழில் அச்சிடலாம்.