சங்கத்துக்கு ஒரு தீர்மானம் போதும்

மதுரை வணிகர் சங்கங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம். பிள்ளைகளின் உடல் பருமனைத் தடுக்க உங்கள் சங்கத்தின் தீர்மானம் ஒன்றைக் கேட்டு எழுதுகிறேன்.

சென்ற வாரம் பேரனை அழைத்துவரப் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். மணி அடித்ததும் பிள்ளைகள் எதிர்க்கடைக்கு ஓடினார்கள். ஒரு சிறுவன் பத்து ரூபாய்ப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துத் தின்றுவிட்டு, மிச்சமிருந்த தூளை உள்ளங்கையில் கொட்டி நக்கினான். ஓடியது இருபதடிகூட இருக்காது, அதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த மூச்சு என்னை உறங்கவிடவில்லை.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. கடைக்காரரை நான் பழிக்கவில்லை. அவர் ஒருவர் மட்டும் நிறுத்தினால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். எல்லாக் கடைகளும் சேர்ந்து நிறுத்தினால்தான் யாருக்கும் நட்டமில்லை. அதனால்தான் வணிகர் சங்கங்களை முதலில் அழைக்கிறேன். இரவுக்கடைப் பரோட்டாவையும் ஜிகர்தண்டாவையும் யாரும் தொடப்போவதில்லை. பேச்சு பிள்ளைகளைப் பற்றியது.

உடல் பருத்தால் "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்கிறோம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 2015-16இல் நூறு பெண்களில் 31 பேருக்கு எடை மிகுதி. 2019-21இல் 40 பேருக்கு. ஆண்களில் 28 என்பது 37 ஆகிவிட்டது. சில ஆண்டுகளில் இத்தனை பேருக்கா வாய்க்கட்டுப்பாடு குலைந்தது? மாறியது தெருவும் கடையும் வேலையும். பள்ளியும் மாறியது. பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு நானே பலமுறை விட்டுக்கொடுத்திருக்கிறேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

உடல் பருமனைத் தடுப்பது சுகாதாரம், பள்ளிக்கல்வி, உள்ளாட்சி ஆகிய மூன்று துறைகளும் கைகோக்க வேண்டிய வேலை. மாநிலம் முழுவதற்கும் ஒரே கொள்கை வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. பசிக்கு வழி செய்த அரசு இதற்கும் செய்யும், கேட்கிறவர்கள் திரண்டு கேட்டால். தனி ஆளின் மனு கோப்பில் உறங்கிவிடும். முத்திரையோடு நூறு சங்கங்களின் தீர்மானம் போனால் பதில் சொல்லியாக வேண்டும். சுற்றுக் கிராமங்களுக்கு அக்டோபர் 2 கிராம சபை இருக்கிறது.

50 மீட்டர் விதியை நடைமுறைப்படுத்துவது, விளையாட்டுப் பீரியடை யாரும் எடுத்துக்கொள்ளாதிருப்பது, வார்டுதோறும் நடக்கவும் ஆடவும் இடம். தீர்மானத்தில் இந்த மூன்றும் இருந்தால் போதும். அடுத்த செயற்குழுவில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வரைவை எழுதிக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், மதுரை