ஐந்து ஊராட்சிக்கு ஒரு இன்ஜினியராவது கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சித் தேர்தல் எப்போது வரும், தலைவர் பதவி யாருக்கு ஒதுக்கப்படும் என்பதுதான் இப்போது டீக்கடை முதல் பத்திரிகை வரை பேச்சு. தேர்தல் கட்டாயம் வேண்டும். 2016 அக்டோபர் முதல் 2019 கடைசி வரை தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டதை மறக்க முடியாது. ஆனாலும் ஐந்து வருடம் ஊராட்சி வார்டு உறுப்பினராக உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். ஜெயித்து வருகிறவர்கள் போடும் தீர்மானத்தை வேலையாக்கித் தர ஊராட்சியில் யார் இருக்கிறார்கள்?

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வரும். மழையும் அப்போதுதான் வரும். மெஷின் அறுத்துக் கொட்டுகிற நெல்லில் ஈரம் அதிகம். காயவைக்கக் களம் இல்லாததால் தார்ச்சாலையில்தான் கொட்டுவோம். ஒரு பக்கம் பஸ் போகும், மறு பக்கம் நாங்கள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடப்போம். ஒரு வருடம் எங்கள் ஒன்றரை ஏக்கர் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனபோது ஈரம் பார்க்கும் மீட்டர் 21 காட்டியது. 17 சதவீதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து கொட்டிய அன்று சாயங்காலமே மழை. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் அடி நெல் சூடேறி, நான்காம் நாள் வெள்ளையாக முளை விட்டிருந்தது. கையில் அள்ளினால் கொத்தாக வந்தது. கிடைத்த விலைக்கு வியாபாரிக்குத் தள்ளிவிட்டோம்.

அதனால் ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் வேண்டும் என்று கிராம சபையில் கேட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை, தீர்மானம் அன்றே நிறைவேறியது. அதற்குப் பிறகு மூன்று வருடம் ஆனது.

பணம் இல்லாமல் இல்லை. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம், அதைத் தொட முடியவில்லை. நூறு நாள் வேலையில் அப்போது கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதம் இருந்தது. களத்திலோ சிமெண்டும் ஜல்லியும்தான் பெரிய செலவு. எந்தத் தலைப்பில் எவ்வளவு எடுத்து எதோடு சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் இல்லை. எங்கள் செயலர் பக்கத்து ஊராட்சியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மோட்டார் ரிப்பேர், பத்து மணிக்கு வீட்டு வரி, மதியம் ஒன்றியத்தில் மீட்டிங், ராத்திரி கம்ப்யூட்டரில் பதிவு. அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எஸ்டிமேட் போட ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் வர வேண்டும். அவருக்கும் இருபதுக்கு மேல் ஊராட்சிகள். சர்வேயர் வந்து புறம்போக்கை அளந்து முடிப்பதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது, அரசின் விலைப் பட்டியல் மாறிவிட்டது, எஸ்டிமேட்டைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. அந்த மூன்று வருடமும் ஒவ்வொரு வீட்டிலும் நெல் விலையில் எவ்வளவு போயிருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சியைப் பற்றிப் பலரும் படித்திருப்பார்கள். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின் கட்டணம் கட்டி மாளவில்லை என்று 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கினார்கள். விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஊரின் தேவை போக மிஞ்சும் மின்சாரத்துக்கு மின்வாரியம் பணம் கொடுத்தது. இதைச் சொல்லும்போது எல்லோரும் காற்றாலையைத்தான் வியக்கிறார்கள். நான் வியப்பது வங்கியை. ஒரு கிராம ஊராட்சியை நம்பி ஒரு கோடிக்கு மேல் கொடுத்தார்கள் என்றால், அந்தக் கணக்குப் புத்தகம் எவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டும்! எங்கள் ஊராட்சியிலும் பெரிய செலவு மின் கட்டணம்தான். ஆனால் வங்கியில் போய் நீட்டுகிற மாதிரி ஒரு திட்ட அறிக்கை எழுத எங்களிடம் யாரும் இல்லை.

ஓடந்துறைக்கு நல்ல தலைவர் வாய்த்தார், அதனால் நடந்தது என்பார்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று காத்திருக்கவா முடியும்?

கேரளத்தில் ஊராட்சியிலேயே பொறியாளர் இருக்கிறார், விவசாய அலுவலர் இருக்கிறார். உடனே அதை அப்படியே இங்கே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அங்கே மொத்தமே 941 ஊராட்சிகள், ஒவ்வொன்றிலும் சராசரியாக இருபதாயிரம் பேருக்கு மேல். நம்முடையவை சின்னச் சின்ன ஊராட்சிகள், தனித்தனியாக ஒரு இன்ஜினியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் ஐந்தைச் சேர்த்து ஒரு இன்ஜினியர், ஒரு கணக்கர் என்று போடலாமே. அவர்கள் ஒன்றிய அலுவலகத்தில் உட்காராமல் அந்த ஐந்து ஊருக்குள்ளேயே உட்கார வேண்டும், கிராம சபையில் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். செயலர் பணியிடம் காலியானால் கூடுதல் பொறுப்பு என்று வருடக்கணக்கில் ஓட்டக் கூடாது. புதுத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துத் தொடங்குகிற அரசு, இந்தச் சம்பளச் செலவையும் அதற்குச் சமமாக நினைக்க வேண்டும்.

எங்கள் களம் 2024 கடைசியில் முடிந்தது. அடுத்து வந்த சம்பா நெல்லை நாங்கள் அதில்தான் காயவைத்தோம், மீட்டர் 16 காட்டியது. எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து பொறுப்பு தனி அலுவலரிடம் போய்விட்டது. களத்தின் கிழக்கு ஓரத்தில் டிராக்டர் ஏறி இறங்கி இரண்டு முழ நீளத்துக்குப் பெயர்ந்திருக்கிறது. குறுவைக்கு முன்னால் அதைப் பூசித் தரும்படி ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்,
திருவாரூர் மாவட்டம்.