ஒரே அளவு வெளிச்சம்

அன்புள்ள மகளுக்கு,

இன்று மார்ச் 20, ஆண்டுக்கு இருமுறை பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாட்களில் ஒன்று. இருட்டு விலகும் முன்பே அம்மாவும் நானும் மைதானத்துக்குப் போய்விட்டோம். எல்லாருமாகப் பதினான்கு பேர். போன செப்டம்பரில் கூடியபோது மேகம் மூடிக்கொண்டது என்று எழுதியிருந்தேனே, இந்த முறை அடிவானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சூரியனின் விளிம்பு தெரிந்ததும் பேச்சு தானாக அடங்கிவிட்டது. சடங்கு ஏதும் இல்லை. கிழக்கு பார்த்து நின்றோம், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பையன் என்னைப் பிடித்துக்கொண்டான். "பகலும் இரவும் சமம் என்றீர்கள், கணக்குப் பார்த்தால் பகல் சில நிமிடம் கூட வருகிறதே?" நல்ல கேள்வி. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது. மேல் விளிம்பு எட்டிப் பார்த்ததுமே அதை உதயம் என்றும் சொல்லிவிடுகிறோம். "அப்போ நாம் பார்த்தது இன்னும் வராத சூரியனா?" என்றான். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் ஒன்பது வயது முகம் அது.

இதே போன்ற ஒரு நாளில் முற்றத்தில் குச்சி நட்டோமே, நினைவிருக்கிறதா? மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்தாய். சாயங்காலம் பார்த்தால் கற்களெல்லாம் ஒரே நேர்கோட்டில்! மற்ற நாட்களில் அந்தக் கோடு வளைந்துவிடும். அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினாய்.

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில் இந்த நாட்களில் சூரியன் நடுக் கோபுரத்தின் உச்சியில் எழுகிறது. அயர்லாந்தின் லாக்ரூ குன்றில் 5,000 ஆண்டுகளுக்கு முன் அடுக்கிய கல்லறைக்குள், இந்த உதயத்தின் ஒளி நுழைந்து பின்சுவரின் செதுக்கல்களைத் தொடுகிறது. எனக்கு அந்த மனிதர்கள்மேல் தீராத மரியாதை. ஜூனிலும் டிசம்பரிலும் அடிவானத்தில் சூரியன் எழும் புள்ளி சில நாட்கள் நின்றுவிட்டுத் திரும்பும், யார் கண்ணிலும் படும். இப்போதோ அது நாளுக்கு ஏறக்குறைய ஒரு சூரியன் அகலம் நகர்கிறது, எங்கும் நிற்பதில்லை. அந்த ஓட்டத்தின் நடுவில் இந்த ஒரு நாளைப் பிடிக்க எத்தனை ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று பார்த்திருப்பார்கள்!

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பூமத்திய ரேகைக்குத் தெற்கே போய் இது முதல் மார்ச். எங்களுக்கு வெயில் காலம் வருகிறது, உனக்கு இலையுதிர் காலம். இனி எங்கள் பகல் இரவைவிட நீளமாகும், உன் இரவு பகலைவிட நீளமாகும். இன்று மட்டும் நம் இரண்டு வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம், இரண்டு இடத்திலும் உதயம் நேர் கிழக்கில். உன்னைப் பார்த்துவிட்டு வந்த சூரியன் என்றே நினைத்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்கு அது வலப்பக்கம் சாய்ந்து மேலேறியது. அங்கே இடப்பக்கம் சாய்ந்து ஏற வேண்டும். இந்த வாரத்தில் ஒரு நாள் சீக்கிரம் எழுந்து பார்த்துவிட்டு எழுது. உன் ஜன்னலிலிருந்து கிழக்கு தெரியுமா என்பதையும் சொல்.

அன்புடன்,
அப்பா