காற்றுத் தர ஸ்கிரீன்ஷாட் போடுறவை கவனத்துக்கு

வணக்கம் உறவுகளே. விடிய விடியக் குழுவிலை ஒரே காற்று எண் சண்டை. ஒராள் 52 எண்டு போட, மற்றவர் 142 எண்டு போடுறார். ரெண்டும் சரிதான்! 52 எண்டது ஒரு கனமீற்றர் காற்றிலை உள்ள பிஎம் 2.5 நுண்துகள், மைக்ரோகிராமிலை. அதையே அமெரிக்கக் காற்றுத் தரச் சுட்டெண்ணுக்கு (AQI) மாத்தினால் 142. எது எண்டு எழுதிப் போடுங்கோ. மைக்ரோகிராம் கணக்கிலை 24 மணித்தியாலச் சராசரிக்கு இலங்கை வரம்பு 50, உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது 15.

வாடைக்காற்று இந்தியப் பக்கத்துப் புகையையும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வரும். 2022 டிசம்பரிலை மாண்டஸ் புயலோடை இப்பிடித்தான் நாடு முழுக்கப் புகைமூட்டம் மூடி, 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களும் பூட்டினவை.

அதை மறிக்க எங்களாலை ஏலாது. ஆனால் விடியக்காலமை ஒழுங்கையிலை காவோலையும் சருகும் பொலித்தீன் பையோடை சேர்த்துக் கொளுத்துறது ஆர், டெல்லிக்காரரே? பனி நேரம் அந்தப் புகை மேலை எழும்பாது, பக்கத்து வீட்டு யன்னலுக்குள்ளை தான் போகும். சருகைத் தென்னைக்குத் தாழுங்கோ.

காற்றுத் தரம் அளக்கிற மலிவுக் கருவி வைச்சிருக்கிறவை: பனி ஈரத்திலை அது கூட்டிக் காட்டும். வெயில் ஏறின பிறகும் ஒருக்கால் பாத்திட்டுப் போடுங்கோ. முட்டு வருத்தக்காரர் காலமை நடையைப் பின்னேரத்துக்கு மாத்துங்கோ.

– அட்மின்