19 அட்டைகளுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று அவரே ஃபோனை எடுத்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். இந்த ஐந்து வாரங்கள் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முறை வைத்துப் படுத்த சித்தப்பாவும் மாமா வீட்டுப் பிள்ளைகளும், ராத்திரியோடு ராத்திரியாக டிக்கெட் பணம் அனுப்பிய தோழிகள், இங்கே என் வகுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்ட சக மாணவர்கள், ஃப்ரிட்ஜில் ரசம் வைத்துவிட்டுப் போன தமிழ்ச் சங்கத்து அக்கா, "தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் எழுதிய என் நெறியாளர். உங்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன்.

இந்த மடல் பெரும்பாலும் ஒருத்திக்கு. அவளுக்குத் தமிழ் தெரியாது.

என் படிப்பை ஊரில் விளக்குவது பெரும்பாடு. "கவுன்சலிங்" என்றதும், அண்ணா பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சீட்டா என்கிறார்கள். மனநல ஆலோசகர்களாகப் போகிறவர்களுக்குப் பாடம் நடத்துவதும், அவர்கள் பேசுவதைக் கவனித்து வழிகாட்டுவதும்தான் என் வேலை. அமெரிக்காவில் இந்த முனைவர் படிப்பில் ஆலோசனை, மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு இவற்றோடு ஐந்தாவதாகத் தலைமைப் பண்பும் பிறருக்காகக் குரல் கொடுப்பதும் உண்டு. எனக்கு உறுத்தலே அந்த ஐந்தாவதுதான். தலைவர் என்றாலே மைக்கும் பொன்னாடையும்தானே ஞாபகம் வருகிறது! அப்படியும் எங்கள் துறைச் சங்கத்தின் வளரும் தலைவர்கள் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். அவளையும்.

அவள் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்காரி. அக்கறையெல்லாம் கிராமப்புறப் பள்ளி ஆலோசகர்கள் மேல். 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அவள் கவலை அந்தக் கணக்கைப் பற்றியது இல்லை, அந்த ஓர் ஆலோசகர் சந்தேகம் கேட்க ஆளில்லாமல் தன்னந்தனியாக இருப்பது பற்றியது. தொலைவில் இருப்பவருக்கு எப்படித் துணை நிற்பது என்பதுதான் அவள் ஆய்வு. என்னுடையது, தாய்மொழி அல்லாத மொழியில் ஆலோசனை சொல்லப் பழகும் மாணவர்களைப் பற்றி. இரண்டுக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. நாங்கள் மொத்தம் நாலு தடவை பேசியிருப்போம், அதுவும் ஜூமில்.

2023 அக்டோபர், எங்கள் துறையின் டென்வர் மாநாட்டில் என் ஆய்வுச் சுவரொட்டிக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆய்வைச் சுருக்கி அச்சடித்து மாட்டி, பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். நான் மதுரையில். வரவில்லை என்று சொல்லக்கூட மறந்துபோனேன். அவள் என் நெறியாளரிடம் கோப்பைக் கேட்டு வாங்கி, தன் செலவில் அச்சடித்து மாட்டி, பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

திரும்பி வந்தால் தபாலில் ஓர் உறை. உள்ளே 19 அட்டைகள். பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்விகள், அவரவர் மின்னஞ்சலோடு. மேலே ஒரு சீட்டு: "எதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இவை உன்னுடைய கேள்விகள்."

மேற்பார்வை வகுப்பில் ஜேனைன் பெர்னார்ட் 1979இல் வகுத்த மாதிரியைச் சொல்லித் தருவோம். மேற்பார்வையாளர் சில நேரம் ஆசிரியர், சில நேரம் ஆலோசகர், சில நேரம் கூட இருந்து யோசிக்கிறவர். வாயை மூடிக்கொண்டு ஒருத்தியின் இடத்தைக் காத்து வைப்பதற்கு அதில் பெயர் இல்லை. என் ஆய்வை அவளே விளக்கியிருந்தால் நன்றாகத்தான் விளக்கியிருப்பாள். நானும் அதோடு முடிந்தது என்று விட்டிருப்பேன்.

லேப்டாப்பைத் திறக்கவே முடியாத அந்த நாட்களில் ஓர் அட்டையைப் படிக்க முடிந்தது. அப்புறம் இன்னொன்று. ஒன்றில், "இங்கே பயிற்சி பெற்றவர் தாய்மொழிக்குத் திரும்பினால் என்ன ஆகும்?" என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தேற்ற வேண்டியிருந்தபோது, படித்த எதுவும் எனக்குத் தமிழில் வரவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆய்வை இனி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

அடுத்த மாநாட்டுக்குப் போகும்போது என் பையில் ஒரு கட்டு வெற்று அட்டை இருக்கும். யாராவது ஒருவர் வர முடியாமல் போயிருப்பார்.

இதுவரை 16 பேருக்குப் பதில் போய்விட்டது. மீதி மூன்று, ஞாயிற்றுக்கிழமைக்குள்.