மஸ்கட்டில் இருக்கும் வருங்காலத் தேன் வியாபாரிக்கு

நாகர்கோவில்
பிப்ரவரி 2026

மக்கா,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி பழையபடிதான், சின்னவளுக்குப் பரீட்சை, உன் வீட்டு மாமரம் இந்தத் தடவை நன்றாகப் பூத்திருக்கிறது, போதுமா? உன் மெயில் வந்து நாளாச்சு. பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் நீ கேட்ட கேள்விதான். வேலையை விட்டுவிட்டு வந்து மார்த்தாண்டம் தேனை ஆன்லைனில் வெளிநாட்டுக்கு விற்கப் போகிறாயாம், நாட்டிய நகைகளை அப்படி விற்கிற அனுபவம் எனக்கு இருப்பதால் லாபமா நஷ்டமா என்று ஒரே வரியில் சொல்ல வேண்டுமாம். பத்தாம் கிளாஸில் பிரெஞ்சுப் புரட்சிக்கு ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்து சார்வாளிடம் வாங்கிக் கட்டினாயே, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை உனக்கு.

ஒரு வரியில் சொல்ல முடியாது. அதோடு போன வாரம் இன்னொரு சங்கதியும் நடந்துவிட்டது, அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

அந்த நியூஜெர்சி செட் ஞாபகம் இருக்கா? போன ஜூலையில் ஒரு அம்மா மகள் அரங்கேற்றத்துக்கு முழு செட் கேட்டாள் என்று போனில் குதித்தேனே, அதுதான். தலைசாமான், சூரியன், சந்திரன், ராக்கொடி, ஜடை, மாட்டல், ஜிமிக்கி, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் என்று ஒன்று விடாமல். வெள்ளியில் செய்தால் அந்த விலைக்குக் கட்டாது, செம்பில் முலாம் பூசிக் கெம்பு பதித்த வேலை. வடசேரியில் நம்ம பெரிய ஆசாரிதான் செய்தார். மொத்தம் 780 டாலர். 800 டாலர் வரைக்கும் அமெரிக்காவில் அப்போது சுங்கத் தீர்வை கிடையாது, அதற்குள் அடங்கட்டும் என்று போட்ட விலை. கூரியரில் அனுப்பினேன், வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டியைக் கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தனியாகப் பணமும் கட்டினேன்.

டிராக்கிங்கில் டெலிவரி ஆகிவிட்டது என்று வந்தது. கூடவே ஒரு போட்டோ. ஒரு கதவு, மிதியடி, மிதியடி மேல் நம்ம பெட்டி. டெலிவரிக்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா பெட்டி வரவே இல்லை என்று, ஆன்லைனில் பணத்தை வாங்கி எனக்குக் கொடுக்கிற பணக் கம்பெனியில் டிஸ்பியூட் போட்டாள், பணத்தைத் திருப்பிக் கேட்கிற புகார் அது.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும், தேன் வியாபாரி. நீயும் நானும் சாமான் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்றுதான் பார்ப்போம். பணக் கம்பெனிக்கு அது முக்கியமில்லை, காகிதம் முக்கியம். டெலிவரி ஆனதற்கு ரசீது இருக்கிறதா, பணம் கட்டியபோது கொடுத்த அதே விலாசத்துக்குத்தான் அனுப்பினாயா, 750 டாலரோ அதற்கு மேலோ என்றால் கையெழுத்து இருக்கிறதா. இதில் ஒன்று குறைந்தாலும் உன்னைக் காப்பாற்றுகிற திட்டம் உனக்கில்லை. போட்டோ அனுப்பினேன், கையெழுத்துக்குப் பணம் கட்டிய ரசீது அனுப்பினேன். 'பரிசீலித்தோம், வாங்கியவருக்குச் சாதகமாக முடித்துவிட்டோம்' என்று பதில் வந்தது, அவ்வளவுதான். இந்தியாக்காரன் கணக்கில் அந்தக் கம்பெனி டாலரை வைத்திருக்க விடாது, தானாகவே ரூபாயாகி பேங்குக்குப் போய்விடும். அதனால் திருப்பிப் பிடிக்கும்போது கணக்கு மைனஸில் விழுந்து, அடுத்தடுத்து விற்ற ஜிமிக்கி, வளையல் பணத்தையெல்லாம் அது விழுங்கியது. முதலில் பிடித்த கமிஷனையாவது திருப்பித் தருவான் என்று பார்த்தேன், அதுவும் கிடையாது.

கூரியரோடு மல்லுக்கு நின்றது தனிக் கதை. தனியாக இன்சூரன்ஸ் எடுக்காவிட்டால் பல கூரியர்களின் பொறுப்பு சுமார் 100 டாலரோடு நின்றுவிடும், பில்லின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பான். நகை என்று எழுதியிருந்தால் இன்சூரன்ஸ்காரனும் அதற்கு வேறு வகுப்பு, வேறு வரம்பு என்று ஆரம்பிப்பான், அது செம்பாக இருந்தாலும் சரி. கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் புது ஆள். ஒவ்வொருத்தரிடமும் முதலிலிருந்து ராமாயணம் படிக்க வேண்டும். கடைசியில் ஒன்றும் வரவில்லை.

அதோடு விட்டதா? பேங்கிலிருந்து அழைப்பு. ஏற்றுமதிக் கணக்கில் இந்த பில் திறந்தே கிடக்கிறதே, டாலர் எங்கே என்று. ஏற்றுமதி செய்த பணம் இத்தனை காலத்துக்குள் நாட்டுக்குள் வந்து சேர வேண்டும் என்று விதி, முன்னால் 9 மாதம், 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதை 15 மாதமாக்கியது. வந்த பணம் திரும்பிப் போய்விட்டது என்பதற்கு நான் ஆதாரம் கொடுக்க வேண்டும். பறிகொடுத்தவனே பறிபோனதை நிரூபிக்க வேண்டிய நிலைமை, பார்த்துக்கொள். அங்கே இருந்த பெண் அதிகாரி தங்கமானவள், எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள், இல்லையென்றால் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன்.

இந்தச் சண்டையின் நடுவில்தான் ஆகஸ்ட் 29 வந்தது. 800 டாலர் சலுகையை அமெரிக்காக்காரன் எடுத்துவிட்டான், ஐந்து டாலர் சாமானுக்கும் தீர்வை. யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாத குழப்பத்தில் நம்ம தபால் துறை 25-ஆம் தேதியே அங்கே போகிற பார்சல் புக்கிங்கை நிறுத்தியது, அக்டோபர் 15-ல்தான் திரும்ப ஆரம்பித்தது. அதிலிருந்து தீர்வையை இங்கேயே முன்கூட்டி வசூலிக்க ஆரம்பித்தார்கள். நடுவில் அந்த ஒன்றரை மாதம் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதங்களைச் சேர்த்தால் ஒரு புஸ்தகம் போடலாம். நவராத்திரி சீசன் வேறு. நல்ல சீசன் அப்படியே போச்சு.

சரி, எல்லாரும் மோசம் என்று நினைக்காதே. டொரொண்டோவில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, ராக்கொடியும் ஜடையும் வாங்கினவள். தபாலில் அனுப்பியது இந்தியாவை விட்டுப் போன பிறகு டிராக்கிங்கில் ஒரு அசைவும் இல்லை. பார்த்தால் அங்கே செப்டம்பர் 25-லிருந்து தபால் ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம். "வரேக்க வரட்டும் தம்பி, நீங்கள் ஏன் தவிக்கிறியள்" என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! நான்தான் அவளிடம் சொன்னேன், அக்கா, பணம் கட்டி 180 நாளைக்குள் டிஸ்பியூட் போடலாம், அந்தத் தேதியைத் தாண்ட விடாதீங்க, போட்டால் 20 நாளுக்குள் பணக் கம்பெனியே முடிவு சொல்லும்படி அதை மேலே கொண்டுபோகணும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும், ஒருதடவை மூடினால் திறக்காது என்று. விற்கிறவனே இப்படிச் சொல்கிறானே என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். 'சாமான் வந்துவிடும், கேஸை மூடுங்கள்' என்று வாங்கினவர்களை மூட வைத்துவிட்டுக் காணாமல் போகிற ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு, எனக்கு அது பிடிக்காது. கடைசியில் நவம்பரில் பெட்டி போய்ச் சேர்ந்தது. எங்கெங்கே வெயிலில் கிடந்ததோ, கல்லுக்கு அடியில் இருந்த அரக்கு இளகி நாலைந்து கெம்பு உதிர்ந்து பட்டர் பேப்பரில் கிடந்தது. பெரிய ஆசாரி வீடியோ காலில் உட்கார்ந்து, அந்த அக்காவின் மகனுக்கு எப்படிப் பிடித்து அழுத்துவது என்று வகுப்பு எடுத்தார். சாமணம் இல்லை என்று அந்தப் பையன் புருவம் பிடுங்குகிற டுவீசரை எடுத்து வந்தான், ஆசாரி முகத்தைப் பார்க்கணும் நீ.

இப்போது போன வாரச் சங்கதி.

ஒரு டான்ஸ் டீச்சர் என்னை இன்ஸ்டாகிராமில் ஃபாலோ பண்ணினாள். யாரென்று போய்ப் பார்த்தால் நியூஜெர்சி. டிசம்பரில் நடந்த ஒரு அரங்கேற்றத்தின் படங்களைப் போட்டிருக்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குக் கை விறைத்துப்போச்சு மக்கா.

பெரிய ஆசாரியிடம் ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரியாது. நெற்றிச்சுட்டியில் எல்லாம் சிவப்புக் கெம்புதான் வைப்பார், இடப்பக்கக் கடைசி இதழில் மட்டும் ஒரு பச்சைக்கல். ஏன் என்றால் 'திருஷ்டிக்கு' என்பார். வேறு யாரும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளையின் நெற்றியில் அந்தப் பச்சைக்கல் இருந்தது. ஒட்டியாணத்து நடுவில் இருந்த இரட்டை அன்னமும் அதேதான், ஒன்றின் கழுத்து கொஞ்சம் குட்டை.

நானாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறேனோ என்று ஒரு எண்ணம். ஒன்றும் சொல்லாமல் போனை ஆசாரியிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தார். "இது நம்ம சாமானுல்லா தம்பி. பிள்ளைக்கு எடுப்பா இருக்கு கேட்டியளா" என்றார். அவருக்கு அப்படிச் சந்தோஷம். ஜூலையிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு அரங்கேற்றம் ஆச்சா, போட்டோ வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்த மனுஷன். அவர் கூலியை நான் அப்போதே கொடுத்துவிட்டேன், பெட்டி காணாமல் போனதை அவரிடம் சொல்லவே இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. பேரனைக் கூப்பிட்டு அந்தப் படத்தை அவன் போனுக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

நீ இந்நேரம் அந்த அம்மாவைத் திட்ட ஆரம்பித்திருப்பாய். நானும் முதல் நாள் திட்டினேன், அதில் சந்தேகமே வேண்டாம், ராத்திரி எழுந்து உட்கார்ந்து திட்டினேன். ஆனால் யோசித்துப் பார். போட்டோவில் இருந்த மிதியடி அவள் வீட்டு மிதியடிதானா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு வாசலில் வைத்திருக்கலாம், அவர்கள் ஊருக்குப் போயிருந்து பிறகு கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். அதற்குள் பணம் திரும்பி வந்துவிட்டது, இப்போது போய் எப்படிச் சொல்வது என்று கூசிப்போய் இருந்துவிட்டாளோ என்னவோ. இல்லை, முதலிலிருந்தே தெரிந்து செய்ததாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதுதான் என்னை அரிக்கிறது. இதற்குப் பிறகு ஆர்டர் வந்தால் வாங்குகிறவர் பெயரைப் பார்க்கும்போதே இவர் எப்படிப்பட்டவரோ என்று தோன்றுகிறது மக்கா, அது எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணம் ஆகிப் போகிற பொண்ணு சாந்து, கண்மை வரைக்கும் கேட்டுக்கேட்டு வாங்குவாள், அந்தப் பேச்சுதான் இந்தத் தொழிலில் எனக்கு ருசி. இப்போது அதையும் காதில் வாங்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன்.

பணக் கம்பெனியிடம் அப்பீல் பண்ணலாமா என்று பார்த்தேன், அதற்கான நாள் எப்போதோ முடிந்துவிட்டது. டான்ஸ் டீச்சருக்குப் படத்தோடு எழுதலாம் என்று வீட்டில் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை, அந்தப் பிள்ளை மேடையில் போட்டு ஆடினது, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதனால் அந்த அம்மாவுக்கே நாலு வரி எழுதினேன். அரங்கேற்றப் படம் பார்த்தேன், செய்த ஆசாரிக்கு ரொம்பச் சந்தோஷம், பெட்டி தாமதமாகக் கையில் கிடைத்திருந்தால் பணத்தை அனுப்ப இதோ புது லிங்க் என்று. திருடி என்கிற தொனி எங்காவது வந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் படித்த பிறகுதான் அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

உன் கொழுந்தி அதே நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறாள் என்பதற்காக அவளை அந்த வீட்டுக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்லாதே, உன்னை எனக்குத் தெரியும். விலாசம் கேட்டாலும் தரமாட்டேன்.

உன் தேனுக்கு வருகிறேன். முதலில் ஏற்றுமதி இறக்குமதிக்கு வேண்டிய ஐஇசி நம்பர் எடு, 500 ரூபாய்தான், ஆனால் வருஷா வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அப்டேட் பண்ணாவிட்டால் முடக்கிவிடுவான். தின்கிற சாமான் என்பதால் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் தனி. நியூசிலாந்துக்குத் தேன் அனுப்புகிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு, அங்கே எல்லையிலேயே பிடுங்கிக்கொள்வான். பாட்டில் கசிந்தால் பக்கத்துப் பார்சலுக்கும் நீதான் பதில் சொல்லணும். தபாலில் போட்டால் எழுத்தும் எண்ணுமாக 13 இடம் உள்ள அந்த டிராக்கிங் நம்பரைப் பத்திரமாக வை, தொலைந்தால் புகார் கொடுக்க வேண்டியது அனுப்பினவன்தான், சாதாரண பார்சலுக்கு 6 மாதத்துக்குள் கொடுக்கணும். டெலிவரி ஆகிற வரைக்கும் அந்தச் சாமான் சட்டப்படி உன்னுடையதுதான், நஷ்டமும் சேர்த்து. பத்து பார்சல் லாபத்தில் ஒரு பார்சல் விலையை எடுத்துத் தனியாக வைக்க முடியாவிட்டால் விற்காதே, அவ்வளவு மார்ஜின் உன் தேனில் இருக்கிறதா என்று முதலில் உன் பெண்டாட்டியைக் கேள், அவளுக்குத்தான் கணக்கு வரும்.

உள்ளூரில் விற்றால் வேறு கதை. கன்னியாகுமரிக்கு வருகிற டூரிஸ்ட் போதும் உனக்கு, பணம் கையில் வாங்கிவிட்டு பாட்டிலைக் கையில் கொடுக்கலாம். ஆனால் நீ கேட்க மாட்டாய். சித்திரையில் வருகிறாய் அல்லவா, வரும்போது காகிதமெல்லாம் எடுத்து வை, ஐஇசிக்கு நான் கூட உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். அதற்குள் அந்த அம்மாவிடமிருந்து ஏதாவது வந்தால் வாட்ஸ்அப்பில் போடுகிறேன்.

தாணு