ராபன் தீவில் நம் பெயர்களும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டேலா பிறந்தநாளை ஒட்டி கேப் டவுனுக்கு எதிரே கடலில் சிறையாக இருந்த ராபன் தீவைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை டர்பனில் இருந்து கைபேசியில் படித்தேன். படித்து இரண்டு நாளாகியும் மனது ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். மண்டேலா சிறையிலிருந்த 27 வருஷமும் அந்தத் தீவிலேயே கழிந்ததாகக் கட்டுரை சொல்கிறது. தீவில் இருந்தது 1964 முதல் 1982 வரை. அப்புறம் அவரைக் கேப் டவுனில் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். தீவின் கதையும் அவரோடு தொடங்கியதில்லை. 1600களிலேயே டச்சுக்காரர்கள் தங்களுக்கு ஆகாதவர்களைக் கொண்டுபோய் விட்ட இடம் அது. 1846 முதல் 1931 வரை தொழுநோயாளிகளை அங்கே ஒதுக்கி வைத்திருந்தார்கள். சரி, இதெல்லாம் எங்கேயும் படிக்கக் கிடைக்கும்.

என் வருத்தம் வேறு. அவ்வளவு பெரிய கட்டுரையில் கைதி என்று ஒரே ஒருவர் பெயர்தான் வந்தது.

இந்திரேஸ் நாயுடு என்று ஒருவர் இருந்தார். நிறவெறி அரசை எதிர்த்து ஜோகன்னஸ்பர்க்கில் ரயில்வே கொட்டகை ஒன்றைத் தகர்க்கப் போய், 1963 ஏப்ரலில் குண்டடி பட்டுப் பிடிபட்டார். பத்து வருஷத் தண்டனையைத் தீவில் கழித்தார். கைதி எண் 885/63. மண்டேலாவின் 466/64 உலகத்துக்கே தெரிகிறது, இந்த எண் யாருக்கும் தெரிவதில்லை. இந்திரேஸின் தாத்தாதான் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்து இங்கே வந்து, காந்தியோடு சேர்ந்து திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர். 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர். தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே போராட்டத்தில் இருந்தவரின் பேரன் ஐம்பது வருஷம் கழித்து அந்தத் தீவில் கல் உடைத்தார் என்பதும் தெரியவேண்டாமா?

எங்கள் டர்பன்காரர்களையும் சொல்கிறேன். ஜார்ஜ் நாயக்கர் 14 வருஷம் இருந்தார். தொழிற்சங்கக்காரர் பில்லி நாயர் 1964இல் போய் 1984இல்தான் வெளியே வந்தார். முழுசாக இருபது வருஷம். சன்னி வெங்கடரத்தினம் 1970களில் அங்கே இருந்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அத்தனையும் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. சிறைக்காவலர் பறித்துவிடக் கூடாதே என்று, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளை அதன் மேல் ஒட்டினார். சாமி படத்தைப் பார்த்தவர்கள் அதை வேதப் புத்தகம் என்று நம்பி விட்டுவிட்டார்கள். பிற்பாடு அந்தப் புத்தகம் அறைக்கு அறை போனது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த வரியின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மண்டேலா போட்ட தேதி 1977 டிசம்பர் 16. நம் வீட்டுத் தீபாவளி அட்டை ஒரு புத்தகத்தைக் காப்பாற்றிய கதை இது. நான் கோயில் தமிழ் வகுப்பில் ஒவ்வொரு தீபாவளிக்கும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

பெருமையை மட்டும் சொன்னால் அதுவும் பாதிக் கதைதான். போன வருஷம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு தீவுக்குப் போயிருந்தேன். உள்ளே அந்தக் காலத்துச் சாப்பாட்டுப் பட்டியலைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் ஒரு வரிசை, ஆப்பிரிக்கருக்கு ஒரு வரிசை. எங்கள் வரிசையில் ரொட்டி உண்டு, ஜாம் உண்டு. அடுத்த வரிசையில் இரண்டும் இல்லை. பேத்திக்குப் பன்னிரண்டு வயசு. "ஆயா, நாம எந்த வரிசை?" என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப அவங்களுக்கு ஏன் ரொட்டி இல்லை?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மண்டேலாவோடு தீவுக்கு அனுப்பப்பட்டவர்களில் அகமது கத்ராடா ஒருவர்தான் இந்தியர். அவருக்கு மட்டும் முழுக்கால் சட்டை கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு அரைக்கால் சட்டை. வளர்ந்த ஆண்களை, குடும்பத் தலைவர்களை, பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி நிறுத்தி அவமானப்படுத்த அதுவே போதும். ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு, தோலைப் பார்த்து ரொட்டியும் துணியும். உணவு எல்லாருக்கும் ஒன்று என்று 1979இல்தான் ஆனது. வெளியேயும் இதுதானே நடந்தது? டர்பனில் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் எங்களுக்கு இருந்தது, ஆப்பிரிக்கருக்கென்று ஒதுக்கிய உம்லாசியில் அவர்களுக்கு இல்லை. எங்கள் பெரியவர்கள் தாங்கள் பட்ட பாட்டை மணிக்கணக்கில் சொல்வார்கள், இந்த ரொட்டியைச் சொல்ல மாட்டார்கள். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அந்த வரிசையை ஏற்காமல், எல்லாருக்கும் ஒன்று வேண்டும் என்று நின்றவர்கள் என்பதால்தான் நம் கைதிகளை நான் மதிக்கிறேன்.

எனக்கு நேரில் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மகன் தீவில் இருந்தார். ஆரம்ப வருஷங்களில் ஆறு மாசத்துக்கு ஒரு கடிதம்தான், அதுவும் 500 வார்த்தைக்குள். தணிக்கை செய்கிறவர் ஒவ்வொரு வரியையும் படிப்பார். தமிழில் எழுதினால் அவருக்குப் புரியாது, கடிதம் போய்ச் சேராது என்று பெரியம்மாவுக்குப் பயம். அவருக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. அதனால் பதினொரு வயசுப் பெண்ணான என்னைக் கூப்பிடுவார். சமையலறையில் மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுதவேண்டும்.

"சாமி, சாப்பிட்டியா? குளிருக்குப் போர்வை பத்துதா? தைப்பூசத்துக்கு உன் பேர்ல காவடி எடுத்தோம்யா" என்று தொடங்குவார். 'சாமி'க்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி 'டியர் சன்' என்று எழுதினேன். காவடிக்கும் வார்த்தை தெரியாமல் 'கோயிலுக்குப் போனோம்' என்று மட்டும் எழுதினேன். வார்த்தைகளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். 500ஐத் தாண்டிவிட்டது. மாமரம் காய்த்தது, வெள்ளை மாடு கன்று போட்டது, தங்கைக்கு வரன் வந்தது, எல்லாவற்றையும் அடித்தேன். எழுதி முடித்ததும் பெரியம்மா காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதத்தானே கண்ணு எழுதியிருக்க?" என்று கேட்டார். ஆமாம் பெரியம்மா என்றேன்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்த 'ஆமாம்' இன்னும் உறுத்துகிறது. தமிழ் கற்றுக் கொடுக்கிற வேலைக்கு நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரைக்கு இன்னொரு பகுதி எழுதச் சொல்லுங்கள். இந்திரேஸ், ஜார்ஜ் நாயக்கர், பில்லி நாயர், வெங்கடரத்தினம், இவர்கள் பெயரும் வரட்டும், ரொட்டியும் வரட்டும். பெயர்களைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். என் பேத்தி இன்னும் எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா